நாற்றம் கட்டாயம்

எங்கள் பாதுகாப்பு அதிகாரி லெய்ட்டனுக்கு மூக்கு மட்டும்தான் வேலை செய்யும். அதற்கு மேலே இருப்பதற்கு வருடம் முழுக்க விடுமுறை.

மெல்பர்னின் தென்கிழக்கில், தரைவிரிப்புக் கிடங்குக்கும் கார் பட்டறைக்கும் நடுவே உள்ள கொட்டகையில் எரிபொருள் கலம் செய்கிறோம். எரிவாயுவைக் கொளுத்தாமலே மின்சாரம் எடுக்கும் பெட்டி அது. உள்ளே நிக்கல் கலந்த தகடுகள் எழுநூறு டிகிரி சூட்டில் இருக்கும். அந்த நிக்கலுக்கு எமன் கந்தகம். ஊர்க் குழாய் வாயு கசிந்தால் தெரியட்டும் என்று, நாறுவதற்காகவே அதில் கந்தகச் சரக்கைக் கலந்து அனுப்புவார்கள். நாங்கள் அதை வடிகட்டி எடுத்துவிட்டுத்தான் பெட்டிக்குள் விடுவோம்.

பெட்டியைக் கட்டியவள் நரேல். பத்தாயிரம் மணி நேரம் ஓடிக் காட்டினால் அரசு ஆதரவு நீளும், எங்கள் ஒன்பது பேருக்கும் இன்னும் மூன்று வருடம் வேலை. இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான். நடுவில் கொஞ்சம் இளைப்பாற விடலாம், செத்துவிடக் கூடாது என்பது ஒப்பந்தம். கிறிஸ்துமஸ் அன்றுகூட நரேல் வந்து எண்களைப் பார்த்துவிட்டுப் போனாள். அமைச்சர் பார்வையிட வந்த வியாழக்கிழமை காலையில் நாற்பது மணி நேரம்தான் பாக்கி.

ஒன்பது மணிக்கு மின்னழுத்தம் சரிய ஆரம்பித்தது. நரேல் குழாய்ப் பக்கம் குனிந்து மூக்கைச் சுளித்தாள்.

“லெய்ட்டன், என்னய்யா இங்க அழுகின வெங்காயம் மாதிரி நாறுது?”

லெய்ட்டனுக்கு முகமெல்லாம் பல். “நாறுதா? அப்பாடா! வடிகட்டினப்புறம் உங்க வாயுல வாடையே இல்ல. கசிஞ்சா அமைச்சருக்கு எப்படித் தெரியும்? விருந்தாளி வர்ற எடத்துல நாத்தமில்லாத வாயு கூடாதுன்னு விதி இருக்கு. அதான் ஏழு மணிக்கே வடிகட்டியைத் தாண்டி, பெட்டிக்குப் போற குழாயில நானே நாத்தத்தைச் சேர்த்துட்டேன். மோந்து பாக்க ஒரு குழாயையும் லேசாத் திறந்து வெச்சிருக்கேன்.”

கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகக் கசியவிட்ட மகான்! அவன் நீட்டிய படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள், பன்னிரண்டிலும் டிக். கந்தகத்துக்கென்று ஒரு கட்டம் இல்லை. கீழே மேலாளர் பிரெண்டனின் கையெழுத்து.

“அடப்பாவி, மூடுய்யா முதல்ல!” நரேலே பாய்ந்து எல்லாவற்றையும் மூடினாள். பிறகு, பெட்டியை ஓட்டும் மேசையில் இருந்த என்னிடம் திரும்பினாள். “டெஸ், சுமையை இறக்கு, பெட்டிலேர்ந்து கரண்ட் இழுக்கிறதை நிறுத்து. சுத்தமான ஹைட்ரஜனை விடு. சாயங்காலத்துக்குள்ள ஒட்டின கந்தகம் தானாக் கழண்டுடும். கரண்ட்டை மட்டும் ஏத்திடாத. இந்த நிலைமைல ஏத்தினா நிக்கல் உப்பி விரிசல் விட்டுடும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.”

பிரெண்டன் புது டை கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“இறக்கினா வாட் காட்டுற பெரிய திரையில என்ன காட்டும்?”

“பூஜ்யம்.”

“பூஜ்யத்தைப் பாக்கவா அந்தம்மா கான்பெராலேர்ந்து வர்றாங்க?”

“பெட்டி பிழைக்கணுமா, போட்டோ நல்லா வரணுமா, பிரெண்டன்?”

“நீ வாசலுக்குப் போ, நரேல். பெண் விஞ்ஞானிதான் வரவேற்கணும்னு அவங்க ஆபீஸ்ல கேட்டிருக்காங்க.”

நரேல் என்னைப் பார்த்தாள். “நீ இறக்கிடுவல்ல?”

தலையை ஆட்டினேன். அவள் போனாள்.

பிரெண்டன் என் தோளில் கை போட்டான். “ஆயிரம் வாட்டுக்குக் கீழ போகக் கூடாது. ஒரு மணி நேரம்தான். நீதான்டா சிங்கம்.”

பதினொரு வருடத்தில் அங்கே யாரும் என்னைச் சிங்கம் என்றதில்லை. உச்சி குளிர்ந்துபோய்க் கரண்ட்டை ஏற்றினேன். எண் சரிந்தது, இன்னும் ஏற்றினேன்.

அமைச்சர் இரண்டு லாமிங்டன் கேக் சாப்பிட்டார். “வாடை விதிப்படி இருக்குங்க” என்று லெய்ட்டன் பெருமையாகச் சொல்ல, அவர் கைதட்டினார். ஆயிரம் வாட் மின்னும் திரை முன்னால் படம் எடுக்க நின்றபோதுதான் நரேல் நிமிர்ந்து பார்த்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்து, என் கையைத் தட்டிவிட்டுச் சுமையை இறக்கினாள். நேரம் கடந்துவிட்டிருந்தது. பாதித் தகடுகள் திரும்ப எழவே இல்லை.

திங்கட்கிழமை பெட்டியை ஆறவைத்துத் திறந்தோம். உள்ளே நிக்கல் உப்பி உதிர்ந்த பச்சைப் பொடியும் உடைந்த தகடுகளும். விதிமுறைகள் முழுமையாகப் பின்பற்றப்பட்டதாக விசாரணை அறிக்கை அதற்குள் வந்துவிட்டது. எங்கள் ஒன்பது பேருக்கும் கடிதமும் வந்துவிட்டது.

நரேல் ஒரு தகட்டுத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“லெய்ட்டனுக்குத் தெரியாது. பிரெண்டனுக்கும் தெரியாது, சொன்னாலும் ஏறாது. உனக்குத் தெரியும்தான, டெஸ்?”

“தெரியும்” என்றேன்.