பலகைக்கு அந்தப் பக்கம்

இருவாச்சிக்கு விலை சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் பறவைக்கடைக்காரருக்கு மிச்சம். வருகிறவர்கள் அந்தப் பெரிய மஞ்சள் அலகை வாய் பிளந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

பக்கத்துக் கடைத் தையல்காரர் ஒரு வெள்ளைச் சட்டையோடு உள்ளே பாய்ந்தார்.

"ஏண்ணே, நான் வெச்சிருக்கறது தையக்கடையா, பழக்கடையா? தடுப்புப் பலகை ஓட்டை வழியா திராட்சையா கொட்டுது! சட்டையெல்லாம் கறை!"

"காசு வாங்காம பழம் தர்ற ஆளு எங்க கடையில கிடையாதுப்பா."

"அப்ப பேய்தான் தருது. வந்து பாருங்க."

கூண்டை ஒட்டியிருந்த பலகையில் ஒரு துளை. இருவாச்சி கம்பிகளுக்கிடையே அலகை நீட்டி, தொண்டையிலிருந்து ஒரு திராட்சையை மேலே கொண்டுவந்து துளைக்குள் தள்ளியது. பிறகு இன்னொன்று. பிறகு காத்திருந்தது.

கடைக்காரரின் சிரிப்பு வற்றிப்போனது. இருவாச்சிப் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்துக்கொண்டு, இறகையும் உதிர்த்துவிட்டு அடைகாக்கும். விரலளவு சந்து வழியாகச் சேவல் ஊட்டினால்தான் அதற்கும் குஞ்சுக்கும் உயிர். அடைகாலத்தில் சேவலைத் தொடாதே என்று, காட்டில் பறவை பிடித்துவரும் மச்சானிடம் முன்பே தலைபாடாக அடித்துச் சொல்லியிருந்தார்.

பின்கட்டில் படுத்திருந்த மச்சானை உலுக்கி எழுப்பினார். "கூடு எந்த மரத்துலடா?"

"கூட்ட யாரு பாத்தா மாமா? அத்தி மரத்துல பழம் தின்ன வந்துச்சு, வலையப் போட்டேன்."

"இதையே கொண்டுபோய் விடுவோம். வழி அதுக்குத் தெரியும்."

"பறந்தாத்தானே? கூண்டுல முட்டி மோதுதுன்னு ரெக்கைய அன்னைக்கே ஒட்ட வெட்டிட்டேன்."

"அப்ப நாம போய்த் தேடுவோம், கிளம்பு."

"எங்கன்னு தேடுறது? பழத்துக்காக அது காட்டையே தாண்டி வரும். இந்நேரம் பொந்துக்குள்ள என்ன மாமா மிச்சமிருக்கும்?"

புது இறகு முளைக்க மாதக்கணக்கில் ஆகும். கடைக்காரர் எந்த விலையையும் பேசிப் பேசிப் பாதியாக்கிவிடுகிற மனிதர். இதில் ஒரு நாளைக்கூடக் குறைக்க வழி தெரியாமல் நின்றார்.

தையல்காரர் துளையை அடைக்க வெட்டுத்துணியைச் சுருட்டினார்.

"அடைக்காதப்பா. வாங்கிக்க அந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு அது நெனச்சுக்கிட்டுப் போகட்டும்."

"வாங்கி நான் என்னண்ணே பண்ண?"

"தின்னு."

அன்று முழுக்கப் பலகைக்கு அப்பால் தையல் மிஷின் நின்று நின்று ஓடியது. அது நிற்கும்போதெல்லாம் இருவாச்சி தட்டுக்கு இறங்கி, தொண்டை நிறையத் திராட்சை எடுத்துக்கொண்டு துளைக்குத் திரும்பியது. அதன் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கடைக்காரர் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டார். அது ஒன்றைக்கூட விழுங்கவில்லை.