அண்ணன் பெயரில் ஒரு லைசன்ஸ்

மாணிக்கம் காசநோயில் இறந்து கருமாதி முடிந்த மறுநாளே, மருதப்பன் இறந்தவரின் தம்பி தங்கராஜுவைக் கூப்பிட்டனுப்பினார். தேக்கா சந்தைப் பகுதியில் மருதப்பனுக்கு மளிகை மொத்தக் கடை. மாணிக்கம்தான் அவருடைய லாரியை ஓட்டியவர். ஜூரோங்கில் காட்டை வெட்டித் தொழிற்பேட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அங்குள்ள கூலியாட்களின் சமையலுக்கு அரிசி போயாக வேண்டும்.

“நீ அண்ணன்கூடவே லாரியில போய் வந்தவன். ஓட்டத் தெரியும்ல?”

“தெரியும் மொதலாளி. ஆனா டெஸ்டுல தோத்துட்டேன். லைசன்ஸ் இல்ல.”

“அண்ணனோடது வீட்ல இருக்குல்ல? அதுல போட்டோ இல்லியே, யாராச்சும் கேட்டா அதைக் காட்டு. மத்ததை நான் பாத்துக்கிறேன் லா.”

ரேஸ் கோர்ஸ் சாலை மாடியறை ஒன்றில் அண்ணி அன்னம்மாவும் அவள் மகள் கண்மணியும் இருந்தார்கள். தங்கராஜு கீழ்த்தளத்தில் வேறு ஆண்களோடு தங்கியிருந்தான். அவன் விஷயத்தைச் சொன்னதும் அன்னம்மா தகரப்பெட்டியைத் திறந்து லைசன்ஸை எடுத்துக் கொடுத்தாள்.

“அவரு ஒரு தடவைகூட போலீஸ்ல மாட்டினதில்ல தம்பி. பாத்து ஓட்டுங்க.”

பார்த்துத்தான் ஓட்டினான். தூரத்தில் காக்கிச் சட்டை தெரிந்தாலே வேகத்தைக் குறைத்தான். வேலைத்தளத்தின் வாசலில் காவலாளி பெயர் கேட்டபோது, லைசன்ஸில் இருந்த பெயரையே சொன்னான். நாளடைவில் அங்கு எல்லோரும் அவனை மாணிக்கம் என்றே அழைத்தார்கள். ஒருநாள் யாரோ “மாணிக்கம்!” என்று கத்த, சட்டென்று திரும்பிவிட்டான். அன்று சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்தான்.

மழைக்காலத்தில் ஒரு முற்பகல், ஃபேரர் பார்க் அருகே போலீஸார் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சார்ஜென்ட் ஜலாலுதீன் தமிழர். லாரியின் இன்ஷூரன்ஸைப் பார்த்தார், சாலைவரிச் சீட்டைப் பார்த்தார். லைசன்ஸை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“அடையாள அட்டை?”

தங்கராஜுவின் அட்டை அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. அதில் அவன் பெயர் இருந்தது.

“வீட்ல வச்சிட்டு வந்துட்டேன் சார்.”

“வீடு எங்க?”

“ரேஸ் கோர்ஸ் ரோடு.”

“பக்கந்தானே. வா, போய்ப் பாப்போம்.”

மாடியில் பொதுச் சமையற்கட்டில் பெண்கள் உலை வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்னம்மா அரிசி களைந்த ஈரக்கையோடு வந்தாள். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. சார்ஜென்ட் லைசன்ஸை அவள்முன் நீட்டினார்.

“மாணிக்கம்னு போட்டிருக்கு. இவரு யாரும்மா?”

அவள் லைசன்ஸைப் பார்த்தாள். பிறகு தங்கராஜுவின் முகத்தைப் பார்த்தாள்.

“எங்க வீட்டுக்காரருங்க.”

சமையற்கட்டில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சார்ஜென்டின் பார்வை அவள் நெற்றிக்குப் போய், உடனே தரைக்கு இறங்கியது. அதைத் தங்கராஜுவால் தாங்க முடியவில்லை.

“வேணாம் அண்ணி” என்று சட்டைப்பையிலிருந்து தன் அட்டையை எடுத்தான். “அண்ணன் செத்துட்டாரு சார். நான் தம்பி. இவங்கமேல ஒரு தப்பும் இல்ல. என்னைக் கூட்டிட்டுப் போங்க.”

சார்ஜென்ட் அன்னம்மாவை விட்டுவிட்டார். தங்கராஜுவை மட்டும் கீழே அழைத்துப் போனார்.

கோர்ட்டில் மருதப்பன், தனக்கு எதுவுமே தெரியாது, பையன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பினார். தங்கராஜு சிறைக்குப் போனான்.

வெளியே வந்தபோது மாடியறையில் வேறு குடும்பம் இருந்தது. அன்னம்மா மகளோடு கிள்ளான் ஊரிலிருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கொழுந்தனைப் புருஷன் என்று வாய்கூசாமல் சொன்னவள் என்ற பேச்சு குழாயடி வரைக்கும் அவளைத் துரத்தியிருந்தது.

அவன் கிள்ளானுக்குப் போனான். அன்னம்மா கதவைப் பாதி திறந்து நின்றாள்.

“மன்னிச்சிருங்க அண்ணி.”

“உங்கமேல கோவமில்ல தம்பி. சாப்பிட்டீங்களா?”

“ம்.”

“இனிமே வராதீங்க. உங்க முகத்தைப் பாத்தா அன்னிக்கு நான் சொன்னதுதான் காதுல கேக்குது. அவரு முகம் வரமாட்டேங்குது.”

உள்ளே கண்மணி யாரென்று கேட்டாள். அன்னம்மா கதவைச் சாத்தினாள். தங்கராஜு பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம் என்று எதிரே வந்த ஒருவரிடம் விசாரித்துக்கொண்டு நடந்தான்.