பொயின்ட் பெட்ரோ வேலா

நிலாணிக்கு ஒரு பழக்கம் இருந்தது. விடுமுறை நாட்களில் தேநீரை ஆறவிட்டுவிட்டுத் தன் குடும்பப் பெயரை இணையத்தில் தேடுவாள். வேலா. உடனே ஓர் உலக வரைபடம் விரியும். ஸ்பெயின் சிவக்கும். மெக்சிக்கோ அதைவிடச் சிவக்கும். பெருவிலும் டெக்சாஸிலும் செம்புள்ளிகள் மொய்க்கும். கனடா மட்டும் வெளிறிக் கிடக்கும். அந்த வெளிறலில் தானும் ஒரு புள்ளி என்று அவளுக்குத் தெரியும். பதினேழாவது மாடி ஜன்னலுக்கு வெளியே ஸ்காபரோவின் மேல் பனி இறங்கிக்கொண்டிருக்கும்.

பெயரின் மூலத்தைப் பற்றி அந்தப் பக்கம் ஏதேதோ சொன்னது. பழங்காலத்து ஆண்பெயர் ஒன்றின் மிச்சம் என்றது ஒரு வரி. பாஸ்க் மொழியில் காகத்தைக் குறிக்கும் சொல்லாக இருக்கலாம் என்றது இன்னொன்று. இன்றைய ஸ்பானிய மொழியில் வேலா என்றால் கப்பலின் பாய். மெழுகுவர்த்திக்கும் அதே சொல்தான்.

அவளுடைய வேலா அவை எதிலிருந்தும் வரவில்லை. அது ஒரு படிவத்தில் பிறந்தது.

அவளுடைய அப்பா வேலாயுதம். கனடாவுக்கு வந்த புதிதில் பிள்ளைகள் இருவருக்கும் படிவம் நிரப்பினார். ஆங்கிலத்தில் எழுதிய தன் பெயர் கட்டத்துக்குள் அடங்கவில்லை. மேல் வரியில் 'வேலா', கீழ் வரியில் 'யுதம்' என்று உடைத்து எழுதினார். மகளின் படிவத்தில் மேல் வரியைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். மகனின் படிவத்தில் கீழ் வரியை. அவள் நிலாணி வேலா ஆனாள். அண்ணன் துஷாந்த் யுதம் ஆனான். பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பிள்ளைகள் அவனை 'யுத்தம்' என்றே கூப்பிட்டார்கள். திருத்த வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். திருத்தாமலே போன வருடம் போய்விட்டார். அம்மா அதற்கு முன்பே போயிருந்தாள். நாற்பத்திரண்டு வயதில் நிலாணியின் சாப்பாட்டு மேசைக்கு இருந்தது ஒரே ஒரு நாற்காலி.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"செனோரா வேலா?" நடுங்கும் ஆண் குரல். பிறகு ஆங்கிலத்துக்கு மாறியது. "என் பெயர் மரியோ வேலா. பெருவில், லீமாவில் பிறந்தவன். டொராண்டோவில் உள்ள வேலாக்களை எல்லாம் தேடிப் பிடிக்கிறேன். உங்கள் ஆட்கள் எந்த ஊர்?"

"பொயின்ட் பெட்ரோ," என்றாள். ஆங்கிலத்தில் கேட்டவருக்குப் பருத்தித்துறையை ஆங்கிலத்தில் சொன்னாள். அவ்வளவுதான்.

மறுமுனையில் நாற்காலி இழுபட்ட சத்தம்.

"பெட்ரோ? கடற்கரையா?"

"ஓம்... ஆமாம். கலங்கரை விளக்கம்கூட உண்டு."

கிழவர் அழத் தொடங்கினார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி பெயர் பெட்ரோ வேலா. கய்யாவோ துறைமுகத்தில் கப்பலேறியவன் திரும்பி வரவேயில்லை. ஒரு முனைக்கு அவன் பெயரை வைத்திருக்கிறார்கள் என்றால்! நாளை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தே ஆக வேண்டும்.

இல்லை என்று சொல்ல நிலாணி வாயைத் திறந்தாள். "வாறன்," என்று தமிழில்தான் வந்தது. கிழவருக்கு அது விளங்கியும்விட்டது.

அண்ணனுக்குப் போனில் சொன்னபோது அவன் அஜின்கோர்ட் வீட்டிலிருந்து கத்தினான்.

"எடியே, உனக்கு விசரே? பருத்தித்துறை எண்டு சொல்லியிருந்தா அந்த மனுசன் அப்பவே போனை வச்சிருக்கும்."

"இங்கிலிசிலை கேட்டார், இங்கிலிசிலை சொன்னன். அதிலை என்ன பிழை?"

"பெட்ரோ எண்டது ஆளே இல்லை. போத்துக்கீசன் தன்ரை பாஷையிலை 'பெட்ரா', கல்லு முனை எண்டு வச்சவனாம். வெள்ளைக்காரன் வாய் கோணி அது பெட்ரோ ஆச்சு. நீ இப்ப கல்லுக்குப் பேத்தி!"

"கல்லெண்டாலும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுதே. நீ கூப்பிட்டனியே?"

"பிள்ளையளுக்கு நீச்சல் வகுப்படி," என்றான். பிறகு மெதுவாக, "போட்டு வா, ஸ்பெயின் ராணி. பொய் மட்டும் சொல்லிப்போடாதை."

மறுநாள் பஸ்ஸில் போகும்போது கண் சொருகியது. கண்ணாடிக்கு வெளியே பனி கிடையாகப் பறந்தது. அது பனியா, பாய்களா என்று தெரியவில்லை. வரைபடத்துச் செம்புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கழன்று, ஒவ்வொன்றும் ஒரு பாய் விரித்து, வெள்ளைக் கடலில் ஸ்காபரோவை நோக்கி வந்துகொண்டிருந்தன. முதல் கப்பலின் மேல்தட்டில் இடுப்பில் சாரம் கட்டியபடி அப்பா நின்றார். பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவன். இருவரும் ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த்தான் விழித்தாள்.

மரியோவின் மகள் ரோசாவின் வீடு. கதவு திறந்ததும் கொத்தமல்லி அரைத்துப் போட்ட கோழிச் சோற்றின் வாசனை. பதினொரு வேலாக்கள் வரிசையில் நின்று அவள் கன்னத்தில் முத்தம் வைத்தார்கள். பதினோராவது வேலா ஆறு மாதக் குழந்தை. அதற்கு இவள் குனிய வேண்டியிருந்தது. எல்லோரும் அவளை 'ப்ரீமா' என்றார்கள். மச்சாள் என்று சொல்வது போல இருந்தது அது.

நீண்ட மேசை. அவளுக்கென்று ஒரு நாற்காலி. அவள் கோப்பை காலியாகவே இல்லை. யாரோ அவள் மூக்கைப் பார்த்து, "அப்பட்டமாகக் கொள்ளுத்தாத்தாவின் மூக்கு," என்றார்கள். இன்னொருவர், "உன் மூக்குக்கு அது எவ்வளவோ மேல்," என்றார். சிரிப்பு மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. நிலாணியும் சிரித்தாள். தன் மூக்கைத் தொட்டும் பார்த்தாள். ஜன்னல் வழியே வந்த பனி வெளிச்சத்தில் எல்லா முகங்களும் ஏதோ ஒரு விதத்தில் அப்பாவைப் போல இருந்தன. குழந்தை அவள் மடியில் தூங்கிப்போனது. கலங்கரை விளக்கத்தடியில் ஒரு மாலுமி இறங்கியிருக்கக் கூடாதா? ஒரு பெண்ணைப் பார்த்திருக்கக் கூடாதா? யாருக்குத் தெரியும்?

சாப்பாடு முடிந்ததும் மரியோ எழுந்தார். சுவரில் பெரிய காகிதம். வேலாக்களின் மரம். கிளைகள் எல்லாம் மையில். பெட்ரோவின் கீழே மட்டும் பென்சிலில் ஒரு புள்ளிக்கோடு, ஒரு கேள்விக்குறி.

"இருபது வருடம்," என்றார். "ஏழு நாடுகளுக்குக் கடிதம் போட்டேன். இன்றோடு தேடுவதை நிறுத்திவிடுவேன்." பேனையை அவளிடம் நீட்டினார். "உன் அப்பாவின் பெயரை நீயே எழுது."

அவள் கை பேனையைப் பிடித்துக்கொண்டது. எழுதினால் இந்த நாற்காலி அவளுடையது. எழுதினால் உண்மையான பெட்ரோவை இனி யாரும் தேடப்போவதில்லை. அவன் எங்கோ ஒரு கரையில் கேள்விக்குறி இல்லாமலே மறைந்துபோவான்.

குழந்தையை ரோசாவிடம் கொடுத்தாள்.

"என் அப்பாவின் பெயர் இங்கே அடங்காது," என்றாள். பிறகு படிவத்தின் கதையைச் சொன்னாள். பெட்ரோ என்பது கல் என்பதையும் சொன்னாள். தான் இலங்கைத் தமிழ்ப் பெண் என்று சொன்னபோது, "அது பார்த்தாலே தெரிகிறது, கப்பல் அங்கே போனது என்றுதான் நினைத்தோம்," என்றாள் ரோசா. யாரும் சிரிக்கவில்லை.

மரியோ பேனையை வாங்கி மூடினார். அழிறப்பரை எடுத்துப் புள்ளிக்கோட்டைத் தேய்த்தார். கேள்விக்குறியை மட்டும் விட்டுவிட்டார். தூளை ஊதிவிட்டு முதுகைக் காட்டியபடி நின்றார். நிலாணி தன் பனிக்கோட்டை எடுத்து மாட்டத் தொடங்கினாள். ஒரு கை உள்ளே போய்விட்டது.

"அங்கே உண்மையிலேயே வேலா என்று ஒருவரும் இல்லையா?" திரும்பாமலே கேட்டார்.

"இல்லை. வேலாயுதங்கள்தான்."

"எத்தனை பேர்?"

"சந்தியில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்."

"நாலு பேர்!" கிழவரின் குரலில் அப்பட்டமான பொறாமை. "ஒரு சந்தியில்! நான் இந்த நகரம் முழுக்கத் தேடிப் பதினொரு பேரைப் பிடித்திருக்கிறேன். அதில் ஒன்றுக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை."

"அப்பா, அவளை விடுங்கள்," என்றாள் ரோசா.

"நீ சும்மா இரு." அவர் நிலாணியிடம் வந்தார். "உன் லைசென்ஸைக் காட்டு."

அவள் பயந்துகொண்டே எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டையை மூக்கருகே பிடித்தார். ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். வி. இ. எல். ஏ.

"அரசாங்கம் வேலா என்கிறது."

"ஆனால் நான் உங்கள் மரத்தில்..."

"மரத்தில் யார் ஏறச் சொன்னது?" காகிதத்தின் வலது மூலையில், மரத்தோடு ஒட்டாமல், சின்னதாக ஒரு கணக்கு இருந்தது: டொராண்டோவில் வேலாக்கள் 11. அதை அடித்துவிட்டு மையால் 12 என்று எழுதினார். "இது மரமில்லை. இது எண்ணிக்கை."

பிறகு அவள் கோட்டின் மாட்டிய கையைப் பிடித்து, கழற்று என்பது போல இழுத்தார்.

"பழக்கூழ் இன்னும் வரவில்லை. ரோசா, பன்னிரண்டு கிண்ணம் வை."

நிலாணி உட்கார்ந்தாள். தூக்கத்தில் சிணுங்கிய குழந்தையை ரோசா மறுபடியும் அவள் மடியிலேயே போட்டாள். பல் முளைக்காத அந்த வேலா, வேலாயுதத்தின் மகளுடைய சட்டையில் எச்சில் வடித்தபடி தூக்கத்தைத் தொடர்ந்தது.