மஞ்சள் சீட்டு

அந்தக் கால்வாயில் படகுகளுக்கு மதகுக் கதவைத் திறந்து மூடும் வேலைக்கு மதகைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கட்சிப் புள்ளி கிராண்டலைத் தெரிந்திருந்தால் போதும். அசஹேலுக்கு அவரைத் தெரியும். அதனால் வேலையும் கிடைத்தது, மதகடியில் ஒழுகாத வீடும் கிடைத்தது.

போன வசந்தத்தில் கால்வாய்க் கரை உடைந்தது. கல் வைத்துக் கட்டியதாகச் சொல்லி அரசாங்கப் பணத்தை விழுங்கியவர் கிராண்டல். கரைக்குள் இருந்ததெல்லாம் வைக்கோலும் சேறும்தான். அந்த வெள்ளத்தில் அசஹேலின் மச்சினன் லெமுவேல் தன் மகளைப் பறிகொடுத்தான். பிள்ளையைப் புதைத்த கையோடு, சட்டசபைத் தேர்தலில் கிராண்டலின் ஆளை எதிர்த்து நின்றான்.

அங்கே வாக்குச்சீட்டை அச்சடிப்பது கட்சிகள்தான். கிராண்டல் கட்சிச் சீட்டு மஞ்சள். எவன் எதைப் போடுகிறான் என்பது தெருக்கோடியிலிருந்தே தெரியும். ஆனால் மஞ்சள் சீட்டில் இருக்கும் பெயரின் மேல் வேறு பெயர் அச்சிட்ட துண்டை ஒட்டி, மடித்துப் போட்டால் செல்லும். வெளியே தெரியாது. தேர்தல் நாள் காலையில் அசஹேலின் மனைவி கெசையா மாவுப் பசை காய்ச்சி, தம்பி பெயர் போட்ட துண்டோடு புருஷன் கையில் கொடுத்தாள்.

"கிராண்டல் மூஞ்சிய நெனைக்காதீங்க. பாப்பா மூஞ்சிய நெனைச்சுக்கிட்டு ஒட்டுங்க."

"நான் ஒட்டாம வேற யாரு ஒட்டுவா?" என்றான் அசஹேல்.

முடிதிருத்தும் கடையில்தான் வாக்குப்பதிவு. பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு கிராண்டல் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார்.

"வாய்யா, மதகு! வீடு சௌகரியமா இருக்கா? ஒழுகலையே?"

அசஹேல் தலையாட்டினான். துண்டு சட்டைப்பையிலேயே கிடக்க, மஞ்சள் சீட்டை அப்படியே போட்டுவிட்டு வந்தான். கோழைப்பயல், வேறென்ன சொல்வது? வீட்டில் ஒட்டிவிட்டதாகச் சொன்னான்.

லெமுவேல் தோற்றான். அந்தப் பெட்டியில் துண்டு ஒட்டிய மஞ்சள் சீட்டு ஒன்றே ஒன்று இருந்ததாக ஊரெல்லாம் பேச்சு. கெசையாவுக்குத் தோல்வியிலும் ஒரு பெருமை. அன்று புருஷனுக்குப் பன்றித்தொடை வறுத்துப் போட்டாள். அவனும் கூச்சமில்லாமல் தின்றான்.

சில நாள் கழித்து கிராண்டல் வந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அசஹேல் வாசலுக்கு ஓடி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, அந்தத் துண்ட நான் ஒட்டலைங்க. பைபிள் மேல சத்தியம்! மச்சினனுக்கு நான் ஓட்டே போடலைங்க!"

"தெரியும்யா. உனக்கு ஏது அவ்வளவு தைரியம்? ஒட்டுனது அந்த முடிவெட்டுற கடைக்காரன். அவனே என் மூஞ்சிக்கு நேரா சொன்னான்."

"அப்புறம் ஏங்க என்னைய...?"

"எங்கக்கா மவனுக்குக் கல்யாணம் ஆயிருக்கு. வீடு வேணுமாம்."

அவர் போன பிறகு அசஹேல் திரும்பினான். கெசையா கதவருகே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து தன் துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள். அவனுடைய சட்டைகளை அவள் தொடவில்லை.