பழசைக் கொடுத்தால் மூன்று லட்சம்

எஞ்சின் கடைக்காரர் தாளில் இரண்டு விலைகளை எழுதி என் பக்கம் திருப்பினார். புதுப்பித்த பந்தய எஞ்சின் நாலரை லட்சம். வண்டியில் இருக்கும் பழைய எஞ்சினைக் கொடுத்துவிட்டால் மூன்று.

"ஒன்றரை லட்சம் மிச்சம் மாமா!" என்றான் மச்சினன், அவனே சம்பாதித்துக் கொடுத்தது போல.

"அவசரப்படாதீங்க," என்றார் கடைக்காரர். "இது ரெண்டு மடங்கு இழுக்கும். அதுக்கு உங்க கிளட்ச் தாங்காது, ரேடியேட்டர் பத்தாது. முக்கியமா பிரேக். ஓடுற வண்டி நிக்கவும் வேணும்ல?"

அதெல்லாம் சேர்ந்து ஒன்றே கால்.

"அப்பவும் கால் லட்சம் மிச்சம்," என்றான் மச்சினன், கொஞ்சம் சுருதி இறங்கி.

வண்டி என் மனைவியுடையது. இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, எங்களைவிட வயதில் மூத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். கல்யாணத்துக்கு முன்பே தன் சம்பளத்தில் வாங்கியது. நாங்கள் பழக ஆரம்பித்தபோது எனக்கு முதலில் அதைத்தான் அறிமுகப்படுத்தினாள். அப்பா அம்மாவை அப்புறம்தான்.

நான் புத்தகங்களுக்கு அட்டை கட்டும் கடை வைத்திருப்பவன். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தது கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது மட்டும். ஆனால் ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஊருக்கு வெளியே மேட்டுச் சாலையில் போகும்போதெல்லாம் அவள் ஓரம் கட்டி லாரிகளுக்கு வழிவிடுவாள். ஒருமுறை ஒரு லாரிக்காரர் தலையை நீட்டி, "பின்னாடியிருந்து தள்ளட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் சிரித்தாள். எனக்குத்தான் சுருக்கென்றது. வண்டிக்கு மூச்சு இல்லை என்று முடிவு கட்டினேன். போதாததற்குக் கொஞ்சம் புகையும் விட்டது.

இருபதாவது கல்யாண நாள் வந்தது. கடைக்குக் காகிதம் வெட்டும் மெஷின் வாங்க வைத்திருந்த பணத்தில் ஒரு லட்சத்தை எடுத்து முன்பணம் கட்டினேன். அவள் பிசியோதெரபிஸ்ட், ஐந்து நாள் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். அந்த இடைவெளியில் கடைக்காரரின் ஆட்கள் சங்கிலி போட்டுப் பழைய எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். புதியது மறுவாரம் வரும் என்றார்கள்.

அவள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள்.

ஊரிலிருந்து வந்ததும் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் வண்டியில் ஆயில் அளவு பார்ப்பது அவள் வழக்கம். வண்டியின் முன் மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க, எஞ்சின் எங்க?"

"சர்ப்ரைஸ்," என்றேன்.

"எஞ்சின் காணாமப் போனா அதுக்குப் பேரு திருட்டு."

எல்லாவற்றையும் சொன்னேன். மச்சினன் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான். "நீ எங்கடா போற?" என்று அவள் கேட்டதும் நின்றான்.

"பழசைக் குடுத்துட்டீங்களா?"

"குடுத்தா ஒன்றரை லட்சம் குறையுதும்மா."

உள்ளே போய் வண்டியின் பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். ஓர் எண்ணின் மேல் விரலை வைத்தாள். "இந்த நம்பர் அந்த இரும்புல அடிச்சிருக்கு. தொழிற்சாலைல இந்த பாடியோட ஒண்ணா இறங்கின எஞ்சின் அது. அது இல்லன்னா வண்டி பாதி விலைக்குக்கூடப் போகாது. விலை கிடக்கட்டும், நான் என்ன விக்கவா போறேன்? அது இல்லாம இது என் வண்டியே இல்லீங்க."

"மேடு ஏற மாட்டேங்குதேன்னுதான்..."

"ஏறாதுன்னு யார் சொன்னா?"

"லாரிக்கெல்லாம் ஒதுங்கி வழி விடுறியே."

பதிவுப் புத்தகத்தை மூடினாள். "கதவுப் பிடியை நீங்க எப்படிப் பிடிச்சிட்டு வருவீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? அறுபதைத் தாண்டினா கண்ணை மூடிக்கிறீங்க. உங்களுக்காகத்தான் மெதுவா ஓட்டுறேன். நான் தனியாப் போனா அந்த லாரியெல்லாம் எனக்குப் பின்னாடி."

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "மாத்துக்கு வந்த எஞ்சினை உடனே மெஷின்ல ஏத்திடுவோம் சார். மூணு மணிக்கு உங்களுது. மேல்முகத்தைச் சமமாச் சீவும்போது நம்பர் போயிடும், அது வழக்கம்தான். பட்டறை மேட்டுக்கு அந்தப் பக்கம், ஊருக்கு வெளியே இருக்கு, மெஷின் சத்தத்துல அங்க போன் எடுக்க மாட்டாங்க."

மணி இரண்டரை.

"உன் வேன் சாவியைக் குடுடா," என்று தம்பியிடம் கை நீட்டினாள்.

அவன் பின்னால் ஏறினான், நான் முன்னால். அன்றுதான் என் மனைவி வண்டி ஓட்டி நான் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வது முழுக்க உண்மையில்லை. பாதி வழி கண் மூடியிருந்தது. இரண்டு லாரி, ஒரு பஸ், ஒரு தண்ணீர் வண்டி, எல்லாம் பின்னால் போயின. "அக்கா, இது காய்கறி ஏத்துற வேன்க்கா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கெஞ்சிக்கொண்டே வந்தது.

பட்டறையில் எஞ்சினின் இரும்பு உடலை மேஜைமேல் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மேலே சாணைக் கல் சுற்ற ஆரம்பித்திருந்தது. மெஷின்காரர் காதில் அடைப்பு. எங்கள் கத்தல் அவருக்கு எட்டவில்லை. அவள் நேராகப் போய்ச் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினாள். கல் முனகி நின்றது. கைக்குட்டையால் இரும்பின் ஓரத்தைத் துடைத்தாள். ஏழு இலக்கங்களும் இருந்தன.

மறுநாள் கடைக்காரர் கணக்கைச் சொன்னார். ஆர்டரை ரத்து செய்தால் முன்பணத்தில் பாதிதான் திரும்பும். பந்தய எஞ்சினை வாங்காமல் இருப்பதற்கு ஐம்பதாயிரம்.

"இதையே சரி பண்ணிக் குடுக்க எவ்வளவு?" என்று கேட்டாள் அவள்.

"ஒண்ணே முக்கால். ஆனா பழைய வேகம்தான் வரும்."

"போதும். நம்பர் இருக்கிற முகத்துல மட்டும் கை வைக்கக் கூடாது."

கடைக்காரர் எஃகு ஸ்கேல் ஒன்றை அந்த முகத்தின் மேல் நிறுத்தி, குனிந்து அடியில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். காகிதம் நுழையும் இடைவெளிகூட இல்லை. அந்த அளவு எனக்குத் தெரியும். "கோணல் இல்ல. சீவ வேண்டிய அவசியமில்ல," என்றார். வெட்டும் மெஷின் அடுத்த வருடத்துக்குப் போயிற்று.

ஆறு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்டுச் சாலையில் போனோம். புகை இல்லை. முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தாள். நான் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டேன்.

"முந்திப் போம்மா," என்றேன்.

"கண்ணைத் திறந்துட்டுச் சொல்லுங்க," என்றாள்.