பாலத்துக்குக் கீழே பதினொரு கற்கள்

பல்செட்காரர் அன்று காலை லேபில் மூன்று செட் பொய்ப்பல்லைத் தேய்த்து முடித்துவிட்டு நாலாவதைக் கையில் எடுத்தபோது மியூசியத்திலிருந்து போன் வந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வந்துடுங்க. ஆத்துக் கல்லு அலமாரியை மாத்தி அடுக்கறோம். ஒரு இடம் காலியா இருக்கு" என்றார் அங்கே கல் பிரிவைப் பார்க்கிற மேடம்.

இந்த ஒரு வார்த்தைக்காகப் பல்செட்காரர் மூன்று வருஷம் காத்திருந்தார். போனை வைத்துவிட்டு நாலாவது செட்டைத் தேய்க்க உட்கார்ந்தவர், தேய்த்து முடித்த மூன்றாவதையே எடுத்து மறுபடி தேய்த்தார். பக்கத்து மேஜையில் மெழுகில் பல் வரிசை பிடிக்கிறவர், எல்லோரும் 'மெழுகு' என்று கூப்பிடுகிறவர், ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்ன, கல்லுக்கு வரன் அமைஞ்சிருச்சா?"

"அமைஞ்ச மாதிரிதான்."

"இந்தத் தடவையாவது பொண்ணு செங்கல்லா இல்லாம இருந்தா சரி."

அந்தப் பேச்சு உறைக்கத்தான் செய்தது. ஏனென்றால் முதல் வருஷம் அவர் மியூசியத்துக்கு எடுத்துக்கொண்டு போன அழகான சிவப்பு உருண்டை, ஆற்றில் உருண்டு தேய்ந்த செங்கல்லாகத்தான் இருந்தது. மேடம் சிரிக்கவில்லை. கத்தி முனையால் ஒரு கோடு கிழித்து, விழுந்த தூளைக் காட்டினார், அவ்வளவுதான். இரண்டாம் வருஷம் பல நிறக் கூழாங்கற்கள் ஒட்டிப்போன அபூர்வமான பாறை என்று கொண்டு போனது, பழைய பாலத்தில் உடைந்து விழுந்த கான்கிரீட். அதற்கும் மேடம் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. சிரித்திருந்தால் ஒரு டீயைக் குடித்துவிட்டு மறந்திருக்கலாம்.

ஆனால் இந்தக் கல் அப்படி இல்லை. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கோடு கோடாகச் சிவப்பும் வெள்ளையும் ஓடுகிற அகேட் என்கிற மணிக்கல். ஆணியால் கீறினால் ஆணிதான் தேயும். ஓரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் காது மடல் மாதிரி சிவந்து ஒளி விடும். வினிகர் சொட்டினால் சுண்ணாம்புக் கல் மாதிரி நுரைக்காது. ஓட்டில் தேய்த்து, கத்தி வைத்து, லென்ஸ் வைத்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. முதல் கல்லை எடுத்தது பாலத்தின் இரண்டாவது தூணிலிருந்து பதினெட்டு அடி தள்ளி. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய், பதினொன்று சேர்த்தார். பதினொன்றும் அந்த வளைவில், நாற்பது தப்படிக்குள்.

அதற்கு மேலே, ஆறு வருகிற பக்கம், ஒன்பது கிலோமீட்டர் நடந்து பார்த்துவிட்டார், ஒன்றுகூட இல்லை. கீழேயும் இல்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? வளைவுக்கு அடியிலேயே அந்தப் பாறை இருக்கிறது, ஆறு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் துப்புகிறது. இதைப் பதினாலு பக்கம் எழுதி, தூணிலிருந்து எத்தனை அடி என்று படம் போட்டு மேடத்திடம் கொடுத்தார். மேடம் படித்துவிட்டு, "வாய்ப்பிருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதே பெரிது.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டார். பதினொன்றில் நல்லதாக ஒன்றைப் பஞ்சில் சுற்றி, பல்செட் அனுப்புகிற சின்ன டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

மியூசியத்தின் பின்பக்க அறையில் மேடம் கல்லை ஈரத் துணியால் துடைத்து, விளக்கடியில் வைத்து, பெரிய லென்ஸை இழுத்துப் பிடித்தார். அலமாரியில் ஒட்ட வேண்டிய சீட்டு ஏற்கெனவே அச்சடித்து மேஜையில் கிடந்தது. 'இந்த ஆற்றில் கிடைத்தது' என்று போட்டு, கீழே கண்டெடுத்தவர் என்று அவர் பெயர். பல்செட்காரர் அதைத் தலைகீழாகவே நாலு தடவை படித்துவிட்டார்.

மேடம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கல்லைத் திருப்பினார், மறுபடி திருப்பினார்.

"இதை வீட்ல உருட்டினீங்களா?"

"இல்ல மேடம். எடுத்தது எடுத்தபடிதான். பல்லு விளக்கற பிரஷ்ஷால கழுவினேன், வேற ஒண்ணும் செய்யல."

"அரைக்கிற பொடியோட மோட்டார் டிரம்ல போட்டு உருட்டி மெருகேத்தின கல்லு மாதிரி இருக்கு. ஆத்துல உருண்ட கல்லுல சின்னச் சின்ன அடி விழுந்த தழும்பு பிறை மாதிரி இருக்கும். இதுல அது இல்ல. குழியில கறுப்பா மின்னுது பாருங்க, அது அரைக்கிற பொடி."

"சத்தியமா ஆத்துல எடுத்ததுதான் மேடம்." அவருடைய குரல் கொஞ்சம் உயர்ந்தது. செங்கல் கொண்டு வந்தபோதுகூட அவரை யாரும் பொய்க்காரர் என்று நினைக்கவில்லை.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. யாராவது உருட்டிக் கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம். இந்தக் குழியில இன்னொண்ணும் இருக்கு, எனக்கு என்னன்னு பிடிபடல. கல்லு இல்ல, பிளாஸ்டிக் மாதிரி ரோஸ் கலர். நீங்களே பாருங்க."

அவர் லென்ஸில் கண்ணை வைத்தார்.

குழிக்குள் கடுகில் பாதி அளவுக்கு ஒரு ரோஸ் துணுக்கு. அதற்குள் மயிரைவிட மெல்லிசாக ஒரு சிவப்பு நூல்.

உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். பல்செட்டின் ஈறுப் பகுதியை வார்க்கிற பொடியில், நிஜ ஈறு மாதிரி ரத்த நாளம் தெரிய வேண்டும் என்று அந்தச் சிவப்பு நூலைக் கலப்பார்கள். இருபத்தாறு வருஷமாக அவர் தேய்க்கிறது அதைத்தான். தேய்த்த தூள் தட்டில் இருக்கும் நுரைக்கல் பொடியோடு சேர்ந்து சேறாகும். அந்தச் சேற்றை வீணாக்குவானேன் என்று வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், கடையில் வாங்கிய அரைக்கிற பொடியோடு கலந்து தன் உருட்டு டிரம்மில் போட்ட புத்திசாலி இந்த ஊரில் ஒரே ஒருவர்தான்.

"என்னன்னு தெரியுதா?" என்றார் மேடம்.

"பாத்து... பாத்துச் சொல்றேன் மேடம்" என்றார். டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மேஜையில் இருந்த சீட்டை அவரும் பார்க்கவில்லை, மேடமும் பார்க்காத மாதிரி இருந்தார்.

வீட்டுக்குள் நுழையும்போது மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, சேத்துக்கிட்டாங்களா?"

"நாலு வருஷம் முன்னாடி டிரம்முல ஒரு லோடு கெட்டுப்போச்சே, ஞாபகம் இருக்கா? பெல்ட் அறுந்து, நான் ஊர்ல இல்லாத நேரத்துல எல்லாம் சிமெண்ட் மாதிரி இறுகிப்போச்சே?"

"மறக்க முடியுமா? டிரம்மைத் தொறந்து பாத்துட்டு மூணு நாள் யார்கிட்டயும் பேசலையே நீங்க."

"அதைத் தூக்கிப் போடச் சொன்னேன்ல. எங்க போட்ட?"

அவள் மடித்த சட்டையை வைத்துவிட்டு யோசித்தாள். "குப்பை வண்டிக்காரர் எடுக்க மாட்டேன்னுட்டாரு. கல்லெல்லாம் எடுத்தா வண்டி அச்சு போயிடும்னாரு. சரின்னு காலையில நடக்கப் போறப்ப ஒவ்வொரு பையா கொண்டுபோய் பாலத்து மேல இருந்து போட்டேன். ஆத்துக் கல்லுதானே, ஆத்துலயே கிடக்கட்டும்னு."

"அது ஆத்துக் கல்லு இல்ல. கண்காட்சியில மூட்டையா வாங்கினது. எந்த நாட்டுதுன்னே தெரியாது."

"எனக்கெப்படித் தெரியும்? இந்த வீட்ல எல்லாக் கல்லும் ஒரே மாதிரிதான் இருக்கு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூட்டையில் வந்தபோது அந்தக் கற்களுக்கு மேலே பழுப்புத் தோல்தான் தெரிந்தது, உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. டிரம்மைத் திறந்தபோது எல்லாம் சாம்பல் சேற்றுக் கட்டி. கோபத்தில் ஒன்றைக்கூடக் கழுவிப் பார்க்காமல் தூக்கி எறியச் சொன்னார். கழுவுகிற வேலையை ஆறு செய்தது. அவர் போய்ப் போய் எடுத்து வந்தார்.

"எத்தனை பை?"

"ஆறோ ஏழோ. எங்க வெச்சுப் போட்டேன்னுகூடச் சொல்லவா? ரெண்டாவது தூண் பக்கம். அங்கதான் கைப்பிடிச் சுவர் கொஞ்சம் தாழ்வா இருக்கும்."

ரெண்டாவது தூண். பதினாலு பக்கத்தில் அவர் அடிக்கோடு போட்டிருந்த ஒரே வரி அதுதான்.

"இத்தனை நாள் நான் அங்கதான் எடுக்கறேன்னு தெரியும்ல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"ஒரு தடவையாவது எங்க எடுக்கறேன்னு என்கிட்ட சொன்னீங்களா? இடத்தைச் சொன்னா நான் பக்கத்து வீட்ல உளறிடுவேன், வேற எவனாவது போயிடுவான்னு கமுக்கமா இருந்தீங்க."

அது உண்மைதான். கல் தேடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். கிடைத்த கல்லைக் காட்டுவார்கள், கிடைத்த இடத்தைச் சொல்ல மாட்டார்கள்.

சாயங்காலம் பதினொன்றையும் ஜன்னலோரம் பரப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஏழில் ரோஸ் இருந்தது. நாலில் இல்லை. அந்த நாலையும் அவர் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்ததைப் பார்த்து மனைவி கேட்டாள்.

"அது மட்டும் நிஜமா ஆத்துதா இருக்குமா?"

"இல்ல. அதுவும் நம்மதுதான். கழுவிப் போயிருக்கும்." சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்காகவே தன்மேல் எரிச்சல் பட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சும்மா இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. யாரோ போட்டது என்று மேடமே சொல்லிவிட்டாரே, அந்த யாரோ யாரோவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். மத்தியானம் வரைக்கும் இதையே நினைத்து, ஒரு கடைவாய்ப் பல்லைத் தேவைக்கு மேல் தேய்த்துக் கெடுத்தார். பிறகு வராந்தாவுக்குப் போய்ப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். ஈறு, நூல், பெல்ட், பை, ரெண்டாவது தூண்.

மேடம் இந்தத் தடவை சிரித்தார். கொஞ்ச நேரம்தான். பிறகு, "மிச்சம் எத்தனை ஆத்துல இருக்கும்?" என்று கேட்டார்.

"அறுபது, எழுபது இருக்கும் மேடம்."

"எடுத்துடுங்க. நீங்க செங்கல்லு கொண்டு வந்தீங்க, அதை அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டேன். இது நெசமான அகேட்டு. இன்னும் ரெண்டு வருஷம் உருண்டா பிறைத் தழும்பும் விழுந்துடும், அப்ப கொண்டு வர்றவர் தொழில் பல்லா இருக்காது, குழியில ரோஸும் இருக்காது. நானே ஏமாந்து அலமாரியில வெச்சுடுவேன்."

"அந்தக் காலி இடம்?"

"காலியாத்தான் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் கூட வந்தாள். "நான்தானே போட்டேன், நானே பொறுக்கறேன்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். எரிச்சலுக்கு மேல் எரிச்சலாக, அவளுக்குக் கண் நன்றாக வேலை செய்தது. அவர் ஒரு வருஷம் முழுக்கத் தேடிப் பதினொன்று எடுத்த இடத்தில் அவள் ஒரே காலையில் ஒன்பது எடுத்தாள்.

"இதுவா பாருங்க. இதுவும் நம்மதா?"

"நம்மதுதான். போடு."

"இவ்வளவு சுலபமா இருக்கு, இதுக்கா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மதியச் சாப்பாட்டை ஆற விட்டீங்க?"

அவர் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். மொத்தம் பதிமூன்று பைக்குள் போயின. இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, தூணுக்கு அந்தப் பக்கம் தொப்பி போட்ட ஒருவர் கையில் எதையோ வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓரம் காது மடல் மாதிரி சிவந்து தெரிந்தது.

பல்செட்காரர் தண்ணீரை அளைந்துகொண்டு அவரிடம் போனார்.

"சார், அது இந்த ஆத்துக் கல்லு இல்ல. என்னோடது."

தொப்பிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கையில் பை, பை நிறையக் கல்.

"உங்களோடதா?"

"வீட்ல டிரம்முல உருட்டினது சார். கெட்டுப்போச்சுன்னு என் வீட்டுக்காரங்க மேல இருந்து போட்டுட்டாங்க. நானே ஒரு வருஷம் ஏமாந்தேன். அதான் எல்லாத்தையும் எடுத்துட்டு இருக்கோம்."

"சரிதான். ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்வாங்க. பாம்பு இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு போன மாசம், வேற இடத்துல."

"இந்தாங்க, லென்ஸ். குழிக்குள்ள பாருங்க. ரோஸ் கலர்ல துணுக்கு தெரியும். பல்செட் ஈறு அது."

தொப்பிக்காரர் பொறுமையாக லென்ஸை வாங்கி, எல்லாக் குழியையும் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே."

பல்செட்காரரும் வாங்கிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"கழுவிப் போயிருக்கும்" என்றார். அவர் காதுக்கே அது நம்பும்படியாக இல்லை.

"போகட்டும் சார். நானும் இதுல பத்து வருஷமா இருக்கேன். நல்ல இடம் கிடைச்சா நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க மேல கோபமெல்லாம் இல்ல." கல்லைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மனைவி கரையில் உட்கார்ந்து கால் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது.

"விடுங்க. எப்படியோ ஆத்துல ஒண்ணு குறைஞ்சுதே."

 தொப்பிக்காரர் ரெண்டாவது தூணுக்குப் போய் முதுகை ஒட்டி நின்றார். அங்கிருந்து காலோடு கால் வைத்து அளந்துகொண்டே வந்து, பதினெட்டாவது அடியில் நின்று, பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.