கொக்கு இல்லாத படம்

நவம்பர் பத்தொன்பதாம் நாள், என் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், செயலியில் வீட்டுமனை விற்கும் ஒரு நிறுவனம் படத்திலிருந்து தண்ணீரை அழித்தது, அழித்த இடத்துக்கு நான் தமிழ் எழுதினேன், அந்தத் தமிழை நம்பி ஒருவர் வீடு கட்டினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒற்றைக் காலில் நிற்கிறது கொக்கு, நிரஞ்சனாவின் கணினித் திரையில், அவள் மனைகளின் படங்களை அழகுபடுத்துபவள், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியனான நான் விளம்பரங்களைத் திருத்துவதற்காக அவளுக்கு அடுத்த நாற்காலியில் அமர்த்தப்பட்டவன், ஆறாம் மாடி, கண்ணாடிச் சுவர், வெளியே வெயிலா மழையா என்பது உள்ளே உறைக்காது, அவள் சுட்டியை நகர்த்துகிறாள், தண்ணீர் போகிறது, அவ்விடத்தில் புல் முளைக்கிறது, கொக்கு மட்டும் புல்லின்மேல் விழித்துக்கொண்டு நிற்கிறது, பாவம் சார், இது எங்க போவும், என்று சிரித்தபடியே அதையும் துடைத்தெடுக்கிறாள், ஏம்மா, அது ஏரியில்லையா என்கிறேன், ஏரி எங்க சார், மழத்தண்ணி, ரெண்டு மாசத்துல வத்திடும்னு தருண் சொன்னாரு. தருண் நிறுவனர், முப்பது வயது, எல்லாரும் அவரைப் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும், சார், மேட்டு நிலம்னு ஒரு வார்த்த போட்டுருங்க என்கிறார், அது மேடா தருண், நீங்க தமிழ மட்டும் பாருங்க சார், மண்ண நாங்க பாத்துக்கறோம், அப்பொழுதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும், எழவில்லை, மழைக்கு அஞ்சாத மேட்டு நிலம், காலையில் கதவைத் திறந்தால் கிழக்கு வெளுப்பதைக் காணலாம் என்று எழுதினேன், எழுதிவிட்டு இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்து மகிழவும் செய்தேன்.

மனை விற்றால் கூடத்தில் ஒரு வெண்கல மணியை அடிப்பார்கள், அனைவரும் எழுந்து கைதட்ட வேண்டும், முப்பத்துநான்கு ஆண்டுகள் மணியோசைக்கு எழுந்தும் அமர்ந்தும் பழகிய என் உடம்பு மற்றவர்களுக்கு முன்பே எழுந்துவிடும், பதினேழாம் எண் மனைக்கு அடித்தபோதும் எழுந்தேன், தட்டினேன், வாங்கியவர் யார் என்று கேட்கவில்லை, அவர் ஃபிலோமினா டீச்சர், என் பள்ளியிலேயே அறிவியல் கற்பித்தவர், தனி ஆள், வீடு கட்டிக் குடியேறிய முதல் மழைக்காலம் இது, இன்று காலை தொலைபேசியில் அழைத்தார், கொஞ்சம் வந்துட்டுப் போங்க சார் என்றார், அவ்வளவுதான், தெருமுனையிலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலளவுத் தண்ணீரில் நடக்கிறேன், செருப்பக் கழட்டாதீங்க சார், கால்ல ஏதாவது குத்திடும் என்கிறார் டீச்சர், கட்டிலின் மேல் கால்களை மடக்கி உட்கார்ந்திருக்கிறார், மடியில் பழைய வகுப்பு நிழற்படங்கள், ஓரம் ஊறிப்போய், நேர்ல வந்து பாக்கலையா டீச்சர், பாத்தேன் சார், சித்திரையில, காஞ்சு கெடந்துச்சு, அப்பவும் மனசு ஒப்பல, அப்புறம் வெளம்பரத்தப் படிச்சேன், நீங்க அங்க சேந்தது தெரியுமே, இது நம்ம சார் எழுத்தாச்சே, ஒரு புள்ளியத் தப்பா வெக்க மாட்டாரே, பொய்யவா வெப்பாருன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். அவர் திட்டியிருந்தால் நான் அழுதிருக்கலாம். ஈர வேட்டியோடு ஆறாம் மாடிக்குப் போனேன், பதினெட்டாம் மனைக்கும் அதே வரிதான் போட்டிருக்கிறது, எடுத்துவிடுங்கள் தருண், அங்கே தண்ணீர் நிற்கிறது, எடுக்காவிட்டால் நான் விலகுகிறேன் என்றேன், வெலகுங்க சார், வருத்தந்தான், ஆனா வரி நல்லா இருக்கு, அது இருக்கட்டும், நான் வெளியேறிக் கதவைச் சாத்துமுன் உள்ளே மணி அடித்தது, என் கைகள் பாதி உயர்ந்து நின்றன.

காலையில் டீச்சர் வீட்டுப் படியிலும் கொக்கு நின்றது, ஒற்றைக் காலில், நீரில் மூழ்காத ஒரே படியில், கதவு திறந்திருக்க, அறைக்குள் பார்த்தபடி, கையை ஓங்கினேன், வெரட்டாதீங்க சார், இந்த எடம் அதுக்குத்தான் மொதல்லயே தெரியும் என்றார். நீங்கள் அந்தப் படத்தைப் பார்ப்பீர்கள், புல் பச்சையாக இருக்கும், வாக்கியத்தில் ஒரு பிழையும் இராது, என் தமிழை நம்பாதீர்கள், மழை நாளில் நேரில் போங்கள், கொக்கைத் தேடுங்கள்.